கத்திரி வெயிலில் ப்ராசஸர் சூடு

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி, கடலூர் மாவட்டம். வளைகுடாவில் பிள்ளைகள் வேலைபார்க்கும் வீடுகள் இங்கே நிறைய. டிக்கெட் போட, விசா பிரிண்ட் எடுக்க, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க என்று கம்ப்யூட்டர் கடைகளுக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. மே மாதம் வந்துவிட்டால் அதற்கு மேல் பிளஸ் டூ ரிசல்ட்டும் கல்லூரி விண்ணப்பங்களும் சேர்ந்துகொள்ளும். பொறியியல் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்குப் போன பிறகு, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு இந்தக் கடைகள்தான் கதி. அக்கினி நட்சத்திரமும் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீள்கிறது. வருஷத்திலேயே மெஷினுக்கு அதிக வேலை விழும் நாட்களும், வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன.

அந்த நாட்களில் கடைக்காரர்கள் சொல்லும் புகார் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்: "காலையில நல்லாத்தான் ஓடுது தம்பி. லுஹர் தொழுதுட்டு வந்து உக்காந்தா இழுக்க ஆரம்பிச்சிடுது. அசருக்குள்ள தானா ஆஃப் ஆயிடுது."

அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்கவேண்டும். காலையில் ஓடிய மெஷின் மதியம் ஓடவில்லை என்றால், நடுவே மாறியது எது? விண்டோஸ் மாறவில்லை, ப்ராசஸர் மாறவில்லை, தூசி ஒரு பொழுதில் வந்து அடைந்துவிடவில்லை. மாறியது அறையின் சூடு. ப்ராசஸர் சூட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இதை ஒட்டியதுதான். திரையில் தெரியும் எண்ணிலிருந்து அறையின் சூட்டைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் நிற்பதுதான் மெஷினின் சொந்தச் சூடு, நோயைக் காட்டுவதும் அதுவே.

கழித்தல் ஏன் என்று விளங்க, சூடு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ப்ராசஸருக்குள் போகும் மின்சாரம் வேறு எந்த உருவத்திலும் வெளியே வருவதில்லை. எத்தனை வாட் உள்ளே போகிறதோ அத்தனையும் சூடாகவே முடிகிறது. கடைகளில் அதிகம் பார்க்கும் இன்டெல் கோர் ஐ5 12400ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கணக்கில் 65 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் டர்போ வேகத்தில் முட்டி வேலை செய்யும்போது 117 வாட் வரை இழுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. இத்தனைக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் சொச்சம். துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டைச் சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது. ப்ராசஸரில் அது பத்து மடங்குக்கும் மேல். ஆகவே சிப்பைக் குளிரவைப்பது என்றால், அங்கே குவியும் சூட்டை ஓயாமல் வேறு இடத்துக்குக் கடத்திக்கொண்டே இருப்பது.

கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்கத் தொடங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும், அதன் பின்கதை இது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கு வேண்டிய மின்சாரமும் அதே அளவில் குறையும் என்று 1974இல் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் தொழில் அந்த விதியை நம்பியே ஓடியது. 2004இல் வந்த பெண்டியம் 4 'பிரெஸ்காட்' வகையில் விதி கைவிட்டது. சிப் சிறிதானது, சூடு மட்டும் குறையவில்லை. அந்த வரிசையில் சில 115 வாட் வரை போயின. அதற்கடுத்து வரவிருந்த 'தேஜஸ்' ப்ராசஸரை அதே ஆண்டு மே மாதம் இன்டெல் கைவிட்டது. ஒரே கோரை மேலும் மேலும் வேகமாக்குவதை விட்டு, பல கோர்களை வைக்கும் பாதைக்குத் தொழில் திரும்பியதற்குச் சூடும் முக்கியக் காரணம்.

இப்போது சூடு போகும் வழி. சிலிக்கானிலிருந்து அதன்மேல் மூடியிருக்கும் உலோகத் தகட்டுக்கு. தகட்டிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க்குக்கு. அதன் இதழ்களிலிருந்து ஃபேன் தள்ளும் காற்றுக்கு. காற்றிலிருந்து கேபினட்டுக்கு, கேபினட்டிலிருந்து அறைக்கு. சூடு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஒவ்வொரு கட்டமும் தனக்கு அடுத்த கட்டத்தைவிடச் சில டிகிரி கூடுதலாக இருந்தால்தான் ஓட்டம் நடக்கும். கடைசிப் பள்ளம் அறை. அதனால் கணக்கு அறையில்தான் தொடங்கவேண்டும்.

ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். மதியம் அறை 38 டிகிரி. கேபினட்டுக்குள் காற்று அதைவிட 7 கூடுதல், 45. 65 வாட் வேலையில் ஹீட்சிங்க் அந்தக் காற்றைவிட 30 கூடுதல், 75. பேஸ்ட்டும் தகடும் தாண்ட இன்னொரு 8. திரையில் தெரிவது 83. இதே மெஷினை ஏ.சி. போட்ட 24 டிகிரி அறையில் வைத்தால் 69 காட்டும். இரண்டு இடத்திலும் கழித்துப் பார்த்தால் மிச்சம் 45. மெஷின் அதே மெஷின்தான் என்று அந்த 45 சொல்கிறது. "80க்கு மேலே போனால் ஆபத்து" என்று வீடியோக்களில் சொல்பவர்களில் பலர் 22 டிகிரி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே பெரம்பலூர் மே மாதத்துக்குக் கொண்டுவந்தால், நல்ல மெஷினைக்கூட பிரித்துப் போடவேண்டி வரும்.

அளப்பதற்குச் செலவு அதிகமில்லை. மலிவான டிஜிட்டல் ரூம் தெர்மாமீட்டர் ஒன்றை கேபினட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் வழிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும், சுவரில் மாட்டக்கூடாது. 'எச்டபிள்யூஇன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள் ப்ராசஸரின் சூட்டையும் உச்சத்தையும், சூட்டால் வேகம் குறைக்கப்பட்டதா என்பதையும் காட்டும். ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் 'சினிபெஞ்ச்'சைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கடைசியில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒரே சுமையைக் கொடுத்தால்தான் கழித்து வரும் எண்ணுக்கு மதிப்பு. பயாஸ் திரையில் தெரியும் சூட்டை இதற்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடுகள் அங்கே முழுதாக இயங்குவதில்லை, ஆகவே சும்மா நிற்கும்போதே கூடுதலாகக் காட்டும்.

இழுப்பதும் ஆஃப் ஆவதும் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம். இன்டெல் டெஸ்க்டாப் சிப்கள் பெரும்பாலும் 100 டிகிரியை வரம்பாக வைத்திருக்கின்றன. தொட்டதும் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் இழுப்பு. அதையும் மீறி ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எல்லாச் சிப்பும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றி எடுத்துப் படம்பிடித்த சோதனை ஒன்று 2001இல் வெளியானது. பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துத் தப்பித்தது. ஏ.எம்.டி. அத்லான் புகைந்து கருகியது. இன்று இரண்டு நிறுவனங்களுமே பாதுகாப்பைச் சிப்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

ஆஃப் ஆனதெல்லாம் சூட்டால்தான் என்றும் எண்ணிவிடக்கூடாது. மதியத்தில் லோ வோல்டேஜ் வரும் தெருக்கள் உண்டு. உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்திருந்தாலும் மெஷின் அணையும். விண்டோஸ் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கும் வரி, மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. சூடாக இருந்தால் முன்னறிவிப்பு கிடைக்கும். ஃபேன் இரையும், வேலை இழுக்கும், பிறகு அணையும். உடனே ஆன் செய்தால் சீக்கிரமே மறுபடி அணையும். ஆறவிட்டு ஆன் செய்தால் அதிக நேரம் தாங்கும். எந்த அறிகுறியும் இல்லாமல் பட்டென்று அணைந்தால் முதலில் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் யு.பி.எஸ்ஸையும் பாருங்கள்.

கழித்துப் பார்த்த எண் கூடியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்து எந்தக் கட்டத்தில் அடைப்பு என்று கண்டுபிடிக்கவேண்டும். இங்கே என் அனுபவத்தில் அதிகம் உதவுவது சூடு ஏறும் வேகம். சுமை கொடுத்த ஓரிரு நொடியிலேயே 50இலிருந்து 95க்குத் தாவினால் பழுது சிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்காது. பத்து இருபது நிமிடத்தில் மெதுவாக ஏறினால் பழுது காற்றில். தூசி, ஃபேன், கேபினட், அறை என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். ஹீட்சிங்க் ஒரு பெரிய உலோகக் கட்டி, அது முழுக்கச் சூடேற நேரம் பிடிக்கும். சிப்போ சிறு துண்டு, சூடு வெளியேற வழியில்லை என்றால் நொடியில் ஏறிவிடும்.

இதை உறுதிசெய்ய விரலே போதும். திரையில் 95 காட்டும்போது கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட்சிங்க்கின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சூடு ஹீட்சிங்க்குக்கு வந்தே சேரவில்லை, பழுது பேஸ்ட்டிலோ பிடிப்பிலோ. விரல் வைக்கமுடியாமல் சுட்டால் சூடு வந்துவிட்டது, காற்றுதான் அதை எடுத்துப்போகவில்லை. அடுத்து கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சுமையில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. இறங்காவிட்டால் கேபினட்டின்மேல் குற்றமில்லை. தகட்டைத் திறந்தே வைத்துவிடுவதை மருந்தாக்கிக்கொள்ள வேண்டாம், சோதிக்க மட்டும் போதும். திறந்த மெஷினுக்குள் இந்தப் பக்கத்துத் தூசி எவ்வளவு வேகமாகப் போகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பக்கத்திலுள்ள அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. அரசு சிமெண்ட் ஆலை அரியலூரில் 1979இல் வந்தது. தனியார் ஆலைகளும் சுரங்கங்களும் சுற்றிலும் இருக்கின்றன. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தபோது அடியில் படிந்த கல் அது, இன்றும் சுரங்கங்களில் கடல் உயிர்களின் தடங்கள் கிடைக்கின்றன. அந்தக் கல்லை ஏற்றிய லாரிகள் சாலையில் கிளப்பும் மாவுத்தூள் ஃபேன் வழியாக உள்ளே வருகிறது. அது மட்டுமென்றால் ஊதினாலே போய்விடும். பெரம்பலூர் மாவட்டம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போனது. பஞ்சு இழை ஹீட்சிங்க் இதழ்களில் முதலில் சிக்கும். அந்த வலையில் சுண்ணாம்புத் தூள் தங்கும். கடைக்குப் பக்கத்தில் டீக்கடையோ பரோட்டாக் கடையோ இருந்தால் எண்ணெய்ப் புகை, கடைக்குள் சாம்பிராணி போட்டால் அந்தப் புகை, இரண்டும் சேர்ந்து அதை ஒட்டவைக்கும். நாளாக ஆக ஃபேனுக்கும் இதழ்களுக்கும் நடுவே தடித்த சாம்பல் நிறப் படலம் ஒன்று உருவாகிவிடுகிறது.

மேலிருந்து பார்த்தால் இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. ஃபேன் சுத்தமாகச் சுற்றும், பளபளப்பாகவும் இருக்கும். அதன் ஸ்க்ரூவையோ கொக்கியையோ விடுவித்து ஃபேனைத் தூக்கினால்தான் கீழே அடைத்திருப்பது தெரியும். மேலிருந்து ப்ளோயர் அடித்துவிட்டு "சர்வீஸ் ஆச்சு" என்று கொடுத்துவிட்ட மெஷின்கள் அடுத்த வாரமே திரும்பி வருவதற்கு இதுதான் காரணம். படலத்தைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் உரித்தெடுத்த பிறகு ப்ளோயர் அடிக்கவேண்டும், அதுவும் கடைக்கு வெளியே வைத்து. அடிக்கும்போது ஃபேன் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயர் காற்றில் அது தன் வேகத்துக்கு மேல் சுழன்றால் பேரிங் தேய்ந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ்ஸையும் வெளியிலிருந்தே ஊதினால் போதும், பிரிக்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஹீட்சிங்க்கின் பிடிப்புக்கு வருவோம். 2004இல் வந்த 775 சாக்கெட் முதல் இன்டெல்லின் கூடவே வரும் கூலர்களில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கின்றன. மதர்போர்டின் துளைக்குள் நுழைத்து அழுத்தும்போது ஒவ்வொன்றும் 'டிக்' என்று பேசவேண்டும். மூன்று பேசி நாலாவது பேசாமல் விட்டால் கூலர் ஒரு பக்கம் மயிரிழை தூக்கி நிற்கும். வெளியே தெரியாது, கையால் ஆட்டினால் ஆடாது, ஆனால் சூடு 95இல் நிற்கும். எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். முடித்ததும் மதர்போர்டின் பின்பக்கம் பாருங்கள். வெள்ளைப் பின்னின் இரு பிளவும் விரிந்து, நடுவே கறுப்பு முனை முழுதாக வெளியே வந்திருக்கவேண்டும். மேலே உள்ள தலையை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் பின் பூட்டாது, கழன்றுவிடும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்த பிளாஸ்டிக் சில சமயம் கையோடு உடையும். அப்போது நூலால் கட்டுவது, சூடான பசையால் ஒட்டுவது என்றெல்லாம் வேண்டாம், ஒரு சாதாரணக் கூலர் புதிதாக வாங்கிவிடுவது நல்லது.

ஏ.எம்.டி. ரைசன் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. ஏ.எம்.4 சாக்கெட் சிப்புகளில் கம்பிகள் சிப்பின் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருந்தாலும் சிப் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும், கம்பி வளையும். கழற்றுமுன் மெஷினைக் கொஞ்சநேரம் ஓட்டி பேஸ்ட்டை இளகவிட்டு, பிறகு அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவித்து எடுங்கள்.

பேஸ்ட் எதற்கு? இரண்டு உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் ஒட்டிவைத்தால் நடுவே கண்ணுக்குத் தெரியாத குழிகளில் காற்று நிற்கும். சூட்டைக் கடத்துவதில் காற்று மிக மோசம். செம்புக்கு 400 என்று ஒரு அளவு வைத்தால் காற்றுக்கு 0.026தான். மலிவான வெள்ளை பேஸ்ட்டுக்கு ஏறத்தாழ 1, நல்லது என்று விற்பவை 8, 10 என்று போட்டுக்கொள்கின்றன. எண்களைப் பார்த்தாலே விளங்கும், பேஸ்ட் செம்புக்கு முன்னால் ஒன்றுமில்லை, காற்றுக்கு முன்னால் மலிவான பேஸ்ட்கூட கிட்டத்தட்ட நாற்பது மடங்கு மேல். ஆகவே விலை உயர்ந்த டியூபுக்காகத் திருச்சி வரை போகவேண்டியதில்லை. மெல்லியதாக, இடைவெளியில்லாமல் பரவியிருந்தால் போதும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பரப்பிலும் முழுக்கத் துடைத்து, நடுவில் துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சொட்டு வைத்து, கூலரை நேராக இறக்கி அழுத்தினால் அதுவே பரவிக்கொள்ளும். பற்பசை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதிலிருக்கும் தண்ணீர் ஆவியானதும் அது வெறும் சுண்ணாம்புப் பொருக்கு, அந்த வழி வேண்டாம். புதுக் கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டீர்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் ஒழுங்காக இருந்தும் எண் இறங்கவில்லையென்றால் சுமையைச் சந்தேகிக்கவேண்டும். ஒன்றும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சும்மா நிற்கும் மெஷினில் ப்ராசஸர் 60, 70 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால், கிராக் செய்த மென்பொருளோடு வந்து மறைவாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலாகக்கூட இருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும் தந்திரமும் சிலவற்றுக்குத் தெரியும். ஃபேன் இரைச்சல் அந்த நொடியே அடங்குகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

சுமை நியாயமானதுதான், அறையைத்தான் மாற்ற முடியவில்லை என்றால் டர்போவைக் கத்திரி முடியும் வரை நிறுத்திவைக்கலாம். பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்ற இடத்தில் 100ஐ 99 ஆக்கினாலே டர்போ நின்றுவிடும். மேலே சொன்ன 12400இல் வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.5க்கு வரும். வேகம் குறையும்போது வோல்டேஜும் குறைகிறது. செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் சூடு வேகத்தைவிட அதிகமாகவே இறங்கும். விண்ணப்பம் நிரப்புகிற, ஸ்கேன் எடுக்கிற வேலையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரருக்கு மட்டும் இந்த வழி சரிப்படாது.

கூலரின்மேல் எந்தப் பழியும் போடமுடியாத ஒரு வகையும் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பல, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே தேய்த்துக்கொண்டன. இன்டெல் இதை ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. இந்தத் தலைமுறை மெஷின் காரணமில்லாமல் தொங்கினால் பேஸ்ட்டை மாற்றிக்கொண்டிருக்காமல் பயாஸைப் புதுப்பியுங்கள். அதன்பிறகும் தொங்கினால் பில்லைத் தேடி எடுத்து வாரண்டிக்கு அனுப்புங்கள், தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது.

மிச்சமிருப்பது அறை. கழித்துப் பார்த்த எண் சென்ற ஆண்டைப் போலவே இருக்கிறது, ஆனாலும் மதியம் இழுக்கிறது என்றால் செலவை இங்கேதான் செய்யவேண்டும். கேபினட்டை கம்ப்யூட்டர் மேஜையின் கதவு போட்ட அடுக்கிலிருந்து வெளியே எடுங்கள். அந்த அடுக்குக்குள் விட்ட காற்றையே மெஷின் மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். தூசிக்குப் பயந்து ஓடும் மெஷினுக்கு உறை போடாதீர்கள், கடையைப் பூட்டும்போது போடலாம். கான்கிரீட் கூரையாக இருந்தால் கத்திரிக்கு முன்பே மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். மாசி, பங்குனியில் இரண்டு பூச்சு போதும். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். அறை எத்தனை டிகிரி இறங்குகிறதோ அத்தனை டிகிரியும் குறையாமல் ப்ராசஸரில் இறங்கும், கடையில் நாலு மெஷின் இருந்தால் நாலுக்கும்.